இரண்டு கம்ப்யூட்டருக்கு ஒரே எண்ணா?

மகளின் லேப்டாப்பில் இன்டர்நெட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் உங்கள் கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். அதில் மட்டும் இன்டர்நெட் வரவில்லை. லேப்டாப்பை அணைத்துவிட்டு உங்கள் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடுகிறது. தனித்தனியாக ஓடுபவை, சேர்ந்து ஓட மறுக்கின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதே பிரச்னை. பார்க்க வந்தவர் "வைரஸ், ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று சொல்லிவிட்டார். அந்தக் கம்ப்யூட்டரில் பல வருடக் குடும்பப் போட்டோக்கள் இருந்தன. பேக்கப் கிடையாது. நல்லவேளையாக அதற்குள் நான் பார்க்க நேர்ந்தது. வைரஸ் எதுவும் இல்லை. வெறும் ஐ.பி. முகவரி மோதல்தான்.

மோதல் ஏன் வருகிறது?

வீட்டு நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டர், மொபைல், பிரிண்டருக்கும் 192.168.1.5 என்பது போல் ஒரு தனி எண் வேண்டும். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அதே குழப்பம்தான் இங்கும்.

இந்த எண்களை ரவுட்டரே கொடுத்துவிடும். இதற்கு டிஎச்சிபி என்று பெயர். ஆனால் பிரிண்டரை ஷேர் செய்வதற்காக யாராவது ஒரு கம்ப்யூட்டரில் கையால் எண் போட்டிருப்பார்கள். ரவுட்டருக்கு அது தெரியாது. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது அதே எண்ணை லேப்டாப்புக்குக் கொடுத்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பகுதிக்குச் செல்லுங்கள். வைஃபை என்றால் அதன் ப்ராபர்ட்டீஸ், கேபிள் என்றால் ஈதர்நெட் என்பதை கிளிக் செய்யுங்கள்.

1. ஐ.பி. அசைன்மென்ட் என்ற இடத்தில் 'மேனுவல்' என்று இருந்தால் அந்தக் கம்ப்யூட்டர் மீது சந்தேகப்படலாம்.

2. ஐ.பி.வி4 முகவரி 169.254 என்று தொடங்கினால், சரியான எண் கிடைக்காமல் விண்டோஸ் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

எப்படிச் சரி செய்வது?

'எடிட்' கிளிக் செய்து, 'மேனுவல்' என்பதை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றி சேவ் செய்யுங்கள். பிறகு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலும் இதோடு தீர்ந்துவிடும்.

பிரிண்டருக்கு எண் மாறாமல் இருக்க வேண்டுமா? அதைப் பிரிண்டரில் போடாதீர்கள். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற வசதி இருந்தால் அங்கே பதிவு செய்யுங்கள். பிறகு ரவுட்டர் அந்த எண்ணை வேறு யாருக்கும் தராது.

மாடியில் வைஃபை கிடைப்பதற்காகப் பழைய ரவுட்டரையும் இணைத்திருக்கிறீர்களா? இரண்டும் எண் வழங்கினால் மீண்டும் மோதல்தான். பழைய ரவுட்டரின் முகவரியை, வேறு எந்தக் கருவிக்கும் போகாத ஓர் எண்ணாக மாற்றுங்கள். அதில் டிஎச்சிபியை ஆஃப் செய்யுங்கள். புதிய ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகுங்கள்.

ஒரு வேடிக்கை: ஃபார்மட் செய்தாலும் இந்தப் பிரச்னை சரியாகிவிடும். ஏனென்றால் கையால் போட்ட எண்ணும் அழிந்துவிடும். கூடவே போட்டோக்களும் போய்விடும். எனவே யாராவது ஃபார்மட் என்றால், முதலில் இந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.