மழை லீவு எப்படி முடிவாகிறது?

ஐப்பசி பிறந்துவிட்டால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும் சென்னையின் பாடி பகுதி வீடுகளில் காலையில் எழுந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "லீவு விட்டாச்சா?" என்பதுதான். யூனிஃபார்மை இஸ்திரி போடுவதா வேண்டாமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பதில் சொல்ல வேண்டியவர் மாவட்ட கலெக்டர்.

எந்த மாவட்டத்து கலெக்டர் என்பதே பாடியில் சில காலம் குழப்பமாக இருந்தது. பாடியை உள்ளடக்கிய அம்பத்தூர் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. குப்பை அள்ளுவது சென்னை, கலெக்டர் மட்டும் திருவள்ளூர் என்று ஏழு ஆண்டுகள் ஓடின. 2018-இல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்துக்குள் வந்தபிறகுதான், டி.வி.யில் 'சென்னைக்கு விடுமுறை' என்று ஓடும் வரி பாடிக்கும் பொருந்தியது. குழப்பம் தீர்ந்ததா என்றால், சில கிலோமீட்டர் மேற்கே நகர்ந்தது, அவ்வளவுதான். திருமுல்லைவாயிலும் ஆவடியும் இன்னும் திருவள்ளூர் மாவட்டம். வீடு பாடியில், பள்ளி ஆவடியில் என்றால், பள்ளி இருக்கும் மாவட்டத்தின் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

சில நாள் முந்தைய இரவே லீவு அறிவித்துவிடுகிறார்கள். சில நாள் காலை ஆறரை, ஏழு மணிக்கு, வேன் தெருமுனைக்கு வந்தபிறகு அறிவிக்கிறார்கள். 'இதை ராத்திரியே சொல்லக் கூடாதா' என்று எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் இதில் அதிகாரிகளின் தாமதத்தைவிட நம் கடற்கரையின் இயல்புக்கே பங்கு அதிகம்.

இரவில் நிலம் கடலைவிட வேகமாகக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கரையிலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசுகிறது. எதிர்ப்பக்கமிருந்து வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வடகிழக்குக் காற்று வருகிறது. இரண்டும் கரையோரம் முட்டிக்கொள்ளும்போது ஈரக்காற்று மேலே எழும்பி, மழைமேகமாகிறது. பின்னிரவில் தொடங்கி விடியும்வரை இது வலுக்கும். வெயில் ஏறி நிலம் சூடானால் தளரும். அதனால்தான் வடகிழக்குப் பருவமழை சென்னைக் கரையோரத்தில் விடியற்காலையில் வெளுத்து வாங்கிவிட்டுப் பத்து மணிக்கு மேல் ஓய்வது வழக்கமாக இருக்கிறது. புயல், காற்றழுத்தத் தாழ்வு நாட்களில் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது நேரம் காலம் கிடையாது. மற்ற நாட்களில், கலெக்டர் தூங்கப் போகும் நேரத்தில் அந்த மேகம் உருவாகியே இருக்காது.

முந்தைய நாள் அவர் கையில் இருப்பது நுங்கம்பாக்கத்திலுள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைப் பெரும்பாலும் இந்த வரிசையோடு சேர்த்துச் சொல்கிறார்கள். வானிலை மையத்தின் மழை நாள் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் 8.30-க்கு முடிகிறது, ஏறக்குறைய நம் பள்ளி மணி அடிக்கும் நேரம்.

விடியற்காலையில் கைகொடுப்பது ரேடார். சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் இருக்கும் டாப்ளர் ரேடார் சுமார் 10 செ.மீ. அலைநீளமுள்ள நுண்ணலைகளை விட்டுவிட்டு அனுப்புகிறது. அவை மழைத்துளியில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரம் தெரியும். திரும்பும் அலையின் அதிர்வெண்ணில் உள்ள மாற்றத்தைக் கொண்டு, துளிகள் ரேடாரை நோக்கி வருகின்றனவா, விலகுகின்றனவா என்பது தெரியும். எதிரொலியின் வலிமை துளியின் விட்டத்தினுடைய ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. துளி இருமடங்கு பெரிதானால் எதிரொலி 64 மடங்கு! ஆகவே ஒரே அளவு எதிரொலி சில பெரிய துளிகளிடமிருந்தும் வரலாம், ஏராளமான சிறு துளிகளிடமிருந்தும் வரலாம். ரேடார் படத்தில் சிவப்பாகத் தெரிவதை உடனே செ.மீ. கணக்காக மாற்ற முடியாததற்கு இது ஒரு காரணம். பள்ளிக்கரணையில் 2022-இல் இன்னொரு ரேடார் சேர்ந்தது. அதன் அலைநீளம் சுமார் 3 செ.மீ. அது எட்டும் தூரம் குறைவு; பக்கத்தில் நுணுக்கமாகப் பார்க்கும்.

இவ்வளவு இருந்தும் கணிப்பு தவறுகிறது. 2021 டிசம்பர் 30 அன்று பெரிய எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நகரின் சில இடங்களில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 2024 அக்டோபர் 16-க்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தார்கள், பள்ளிகளை மூடினார்கள்; வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திக் காத்திருந்தார்கள். அன்று பெருமழை சென்னைக்கு வரவில்லை. இரண்டாவது தவறை மன்னித்துவிடலாம் என்பேன்.

ஹாங்காங்கில் இந்த முடிவை ஒருவர் தலையில் கட்டுவதில்லை. அங்கே 1992 முதல் மழைக்கு எச்சரிக்கைக் குறியீடு உண்டு. மணிக்கு 50 மி.மீ.யைத் தாண்டினால் சிவப்பு, 70-ஐத் தாண்டினால் கறுப்பு. பள்ளி தொடங்கும் முன் இவற்றில் ஒன்று ஏறிவிட்டால் வகுப்பு இல்லை. நம்மிடம் சிவப்பு வந்தாலும் தானாக லீவு கிடையாது; எல்லாம் சேர்த்துப் பார்த்து கலெக்டர் முடிவெடுக்கிறார். நமக்கு அதுவே சரி. ஏனென்றால் இங்கே லீவு மழையைவிடத் தண்ணீரைப் பொறுத்தது. கொரட்டூர் ஏரியும் அம்பத்தூர் ஏரியும் நிரம்பியிருக்கும் கார்த்திகையில் பெய்யும் 6 செ.மீ., வறண்ட புரட்டாசியில் பெய்யும் 10 செ.மீ.யைவிட அதிகத் தெருக்களை மூழ்கடிக்கும். மழை விட்டபிறகும் சில பள்ளிகள் திறக்காததற்குக் காரணம், அங்கே நிவாரண முகாம் நடப்பது. 2015 வெள்ளத்தின்போது சென்னைப் பள்ளிகள் டிசம்பர் 14-ஆம் தேதிதான் திறந்தன. அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போனது. விட்ட நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டுகிறார்கள் என்பதை லீவு கேட்டு வேண்டிக்கொள்ளும் பிள்ளைகள் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

வாட்ஸ்ஆப் குரூப்பில் வரும் போன வருடத்து அறிவிப்பை நம்பிப் பிள்ளையைத் திரும்பப் படுக்க வைக்காதீர்கள்; தேதியைப் பாருங்கள், கலெக்டரின் அதிகாரப்பூர்வப் பக்கத்தைப் பாருங்கள். ரேடார் படமும் வானிலைத் துறையின் இணையதளத்தில் எல்லோருக்கும் இலவசம்.