லேப்டாப் ஆன் ஆகலையா? கடைக்கு ஓடும் முன் இதைப் பாருங்கள்!

காலை 9.50. பத்து மணிக்கு மீட்டிங். பவர் பட்டனை அழுத்துகிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தமாக... ஊஹூம். நேற்று ராத்திரி வரை ஒழுங்காக ஓடிய லேப்டாப் இப்போது வெறும் கறுப்புப் பலகை. 'உள்ளே இருக்கிற ஃபைல் எல்லாம் போச்சா?' என்று வயிற்றில் புளியைக் கரைக்கும்.

பதறாதீங்க. உங்கள் ஃபைல்கள் இருப்பது எஸ்எஸ்டி அல்லது ஹார்டு டிஸ்க் என்ற தனிப் பாகத்தில். சார்ஜர் போனாலும் ஸ்கிரீன் போனாலும் அது தானாக அழிந்துவிடாது. பதற்றத்தில் நாம் எடுக்கும் முடிவுகள்தான் பல நேரம் அதை அழிக்கின்றன.

'ஆன் ஆகல' என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும், அதற்குள் மூன்று வேறு வேறு பிரச்சினைகள் இருக்கின்றன. கரன்ட்டே உள்ளே போகாமல் இருக்கலாம். லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தும் ஸ்கிரீன் மட்டும் தெரியாமல் இருக்கலாம். ஸ்கிரீன் வந்தும் விண்டோஸ் வராமல் இருக்கலாம். எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள்

கேப்ஸ் லாக் பட்டனை இரண்டு, மூன்று முறை தட்டுங்கள். அதன் லைட் எரிந்து அணைகிறதா? அப்படியென்றால் லேப்டாப் உயிரோடுதான் இருக்கிறது. உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கேப்ஸ் லாக்கில் லைட் இல்லாத மாடல் என்றால் ஃபேன் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள்.

எடுத்த எடுப்பில் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டாம். உள்ளே விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால், சேவ் செய்யாத வேலை எல்லாம் போய்விடும். முந்தைய நாள் பயாஸ் அப்டேட் ஏதாவது ஓடியிருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்த நேரத்தில் ஸ்கிரீன் சில நிமிடங்கள் கறுப்பாக இருப்பது சகஜம். பாதியில் அணைத்தால் மதர்போர்டே முடங்கலாம்.

லைட், சத்தம் எதுவுமே இல்லையா?

அப்படியென்றால் கரன்ட் பக்கம் பாருங்கள். அதே பிளக் பாயின்ட்டில் போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். சிரிப்பு வரலாம், ஆனால் ட்ரிப் ஆன எக்ஸ்டென்ஷன் பாக்ஸால் சர்வீஸ் சென்டருக்குப் போனவர்கள் உண்டு. அடுத்து, சார்ஜர் வயர். பின்னுக்குப் பக்கத்தில் வளைந்து வளைந்து உள்ளே அறுந்திருக்கும், வெளியே தெரியாது.

டைப்-சி சார்ஜர் என்றால் இன்னொரு சிக்கல். பின் ஒன்றுதான், பவர் ஒன்றல்ல. பல லேப்டாப்களுக்கு 45 அல்லது 65 வாட் தேவை. 20 வாட் போன் சார்ஜரைச் செருகினால், பேட்டரி முழுதாகக் காலியான லேப்டாப் எழுந்திருக்காது. சில மாடல்களில் இருக்கிற டைப்-சி போர்ட் எல்லாமே சார்ஜ் ஏற்றாது. அடுத்த போர்ட்டையும் முயலுங்கள். உருண்டைப் பின் சார்ஜரை நண்பரிடம் கடன் வாங்கினால் வோல்ட் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம்.

சரியான சார்ஜர் கிடைத்ததும் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். அடிமட்டத்துக்கு இறங்கிய பேட்டரி உடனே எழாது.

30 விநாடி வைத்தியம்

அதற்கும் மசியவில்லையா? சார்ஜரைக் கழற்றுங்கள். பென் டிரைவ், மவுஸ், மானிட்டர் என்று செருகியிருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும்தான். பிறகு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். விட்டுவிட்டு, சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? வீட்டு ஃபேன் ஸ்விட்ச் போல லேப்டாப்பின் பவர் பட்டன் கரன்ட்டை நேரடியாக இணைப்பதில்லை. அது ஒரு காலிங் பெல் மாதிரி. மதர்போர்டில் இருக்கும் 'எம்பெடட் கன்ட்ரோலர்' என்ற சின்ன சிப்தான் பெல் சத்தம் கேட்டுக் கதவைத் திறக்க வேண்டும். அந்த சிப் ஹேங் ஆகிவிட்டால், நீங்கள் எத்தனை முறை அழுத்தினாலும் பதில் வராது. மிச்சமிருக்கும் கரன்ட் வடிந்ததும் அது ரீசெட் ஆகி, புதிதாக வேலையைத் தொடங்கும். சில மாடல்களில் இதற்கென்றே அடிப்பக்கம் ஊசித்துளை இருக்கும். சிம் பின்னால் மெதுவாக அழுத்தலாம்.

ஓடுது, ஆனா ஸ்கிரீன் வரல

ரூம் லைட்டை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை ஸ்கிரீன் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட் போயிருக்கிறது. ஹெச்டிஎம்ஐ கேபிளில் டிவியை இணைத்துப் பாருங்கள். அதில் படம் வந்தால் பிரச்சினை ஸ்கிரீனிலோ அதன் கேபிளிலோதான். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு கீகளையும் ஒன்றாக அழுத்தினால் டிஸ்ப்ளே டிரைவர் ரீஸ்டார்ட் ஆகும். சில நேரம் அதுவே போதும்.

லைட் ஒரு கணக்கில் விட்டு விட்டு மின்னினாலோ, பீப் சத்தம் வந்தாலோ எண்ணி, போனில் வீடியோ எடுத்து வையுங்கள். அது லேப்டாப் தன் நோயைச் சொல்லும் மொழி. ரேமா, மதர்போர்டா என்பதை உங்கள் மாடல் எண்ணோடு சேர்த்துத் தேடினாலே தெரிந்துகொள்ளலாம்.

ஸ்கிரீன் வந்தும் விண்டோஸ் வரலையா?

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அவற்றில் ஹார்டுவேர் எதுவும் கெடவில்லை. கெட்டது மென்பொருள் மட்டும்தான்.

விண்டோஸ் அடுத்தடுத்துத் தொடங்க முடியாமல் போனால் ரிப்பேர் திரை தானாக வரும். அதில் முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' கொடுங்கள். 'ரீசெட்' வரை போனால், ஃபைல்களை வைத்துக்கொள்ளும் ஆப்ஷனைத்தான் தேர்வு செய்கிறோமா என்று இரண்டு முறை படியுங்கள். ஆப்கள் போகும், உங்கள் ஃபைல்கள் இருக்கும்.

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். ரிப்பேர் திரை 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கும். புதிய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பெரும்பாலும் அந்தக் கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கும். போனில் லாகின் செய்து எடுக்கலாம். அது இல்லாவிட்டால், எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் போட்டாலும் ஃபைலைத் திறக்க முடியாது.

இதை மட்டும் செய்யாதீங்க

அடிப்பக்கம் உப்பியிருந்தால், டச்பேட் மேலெழும்பியிருந்தால் அது பேட்டரி வீக்கம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், தீப்பிடிக்கலாம். டீ, காபி கொட்டியிருந்தால் 'ஆன் ஆகுதா பாப்போம்' என்ற ஆசையே வேண்டாம். ஈரத்தில் கரன்ட் பாய்ந்தால்தான் போர்டு எரியும். உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அப்படியே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். பழைய ஹார்டு டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் திறக்கவே வேண்டாம், ஐடி டீமிடம் சொல்லுங்கள்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும்: 'அண்ணா, டேட்டா வேணும். கேட்காம ஃபார்மட் பண்ணிடாதீங்க.' ஜாப் ஷீட்டிலும் அதை எழுதச் சொல்லுங்கள். 'போர்டு போச்சு' என்றால், முழு போர்டையும் மாற்ற வேண்டுமா, கெட்ட பாகத்தை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் செலவு வித்தியாசம் அதிகம். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். வாரன்ட்டி இருந்தால் வெளிக்கடையில் திறக்கவே விடாதீர்கள்.

சில மெல்லிய லேப்டாப்களிலும் புதிய மேக்புக்குகள் பலவற்றிலும் ஸ்டோரேஜ் போர்டோடு சேர்ந்தே இருக்கும். கழற்றி எடுக்க முடியாது. போர்டு போனால் டேட்டாவும் போகலாம். பேக்கப் ஒன்றுதான் அங்கே காப்பு.

இதை இப்போது லேப்டாப்பில் படிக்கிறீர்களா? அப்படியென்றால் அது ஓடுகிறது. நல்லது. இன்றைக்கே இரண்டு வேலை செய்துவிடுங்கள்: ரெக்கவரி கீயை ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள், முக்கியமான ஃபோல்டரை ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். அடுத்த முறை 9.50-க்கு ஸ்கிரீன் கறுத்தால், உங்களுக்குப் போவது ஒரு மீட்டிங் மட்டும்தான்.