இளவேனிற் பயணம்

பயணம் இன்பமாக அமைவதும் துன்பமாக முடிவதும் பெரும்பாலும் புறப்படுவதற்கு முன்னரே உறுதியாகிவிடுகின்றன. திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளார். அவை அரசனுக்குக் கூறப்பட்டவை. ஆயினும், இரண்டு நாள் சாலை வழியே சென்றுவர விரும்பும் ஒரு குடும்பத்திற்கும் அம்மூன்று அறிவும் வேண்டும். சென்னையிலிருந்து பள்ளிப்பட்டுக்குச் செல்லும் ஒரு சிறு பயணத்தைக் கொண்டு இதனைத் தெளியலாம்.

முதலாவது, இடம். பள்ளிப்பட்டு, திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த குன்றுகள் அப்பகுதியில் ஆங்காங்கே எழுந்து நிற்கின்றன. 1953ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் அமைந்தபோது திருத்தணியும் பள்ளிப்பட்டும் சித்தூர் மாவட்டத்தில் இருந்தன. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, அவை 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. இன்றும் அங்குத் தமிழும் தெலுங்கும் ஒருங்கே ஒலிக்கக் கேட்கலாம். சில சாலைகள் எல்லையைக் கடந்து செல்கின்றன. ஆதலின், வாடகை வண்டியில் செல்வோர் அண்டை மாநிலத்திற்குள் செல்ல நேருமாயின், அதற்குரிய அனுமதியை முன்னரே பெறுதல் வேண்டும்.

இரண்டாவது, காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது நூல் வழக்கு. எனினும், சித்திரைப் பிற்பகுதி தொடங்கிக் கத்திரி வெயில் கடுமையாகக் காயும். பாறைகளும் படிகளும் கொதிக்கும். எனவே, பங்குனிக் கடைசியோ சித்திரையின் முதல் சில நாட்களோ இப்பயணத்திற்கு ஏற்றவை. அப்போது வேம்பு பூத்து மணக்கும். மாமரங்களில் காய்கள் திரளும். ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை பெய்தால் ஆற்றின் தரைப்பாலங்கள் வெள்ளத்தில் மூழ்கி வழி தடைப்படுதலும் உண்டு. இளவேனிலில் அவ்வச்சம் பெரிதும் இல்லை.

நாளுக்குரிய காலம் போலவே பொழுதுக்குரிய காலமும் உண்டு. விடியலில் புறப்பட்டால் காலையிலேயே பூண்டி நீர்த்தேக்கத்தைக் காணலாம். 1944இல் கட்டி முடிக்கப்பட்ட இதற்குச் சத்தியமூர்த்தி சாகர் என்பது பெயர். பள்ளிப்பட்டுப் பகுதியில் ஓடும் கொசஸ்தலையாற்றின் நீர் இங்கே தேங்கி, சென்னை மக்களின் தாகம் தீர்க்கிறது. நண்பகலில் திருத்தணியில் தங்கி இளைப்பாறி, மாலையில் மலைக்கோயிலுக்கு ஏறலாம். மறுநாள் விடியலில் புறப்பட்டு, நெசவுக்குப் பெயர்பெற்ற பொதட்டூர்ப்பேட்டை வழியாகப் பள்ளிப்பட்டை அடைந்து, ஆற்றங்கரையைக் கண்டு, வெயில் ஏறுமுன் திரும்பலாம்.

மூன்றாவது, வலி. இதுவே யாவற்றினும் முதன்மையானது. திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாட்களுக்கு அவை ஈடானவை என்பர். சிறுவர்கள் அவற்றை ஓடியே ஏறிவிடுவர். மூட்டுவலியுடைய பாட்டிக்கோ அது பெருந்துன்பம். அவர் வண்டிப் பாதை வழியாக மேலே செல்லலாம். அருகிலுள்ள சோளிங்கர்ப் பெரிய மலைக்கு 1,305 படிகள் உண்டு. 2024 முதல் அங்குக் கம்பிவட ஊர்தியும் இயங்குகிறது. ஆயினும், அதனையும் இவ்விரண்டு நாட்களுக்குள் அடக்க முயல்வது வலியறியாமையே ஆகும். ஓர் இடத்தை மற்றொரு முறைக்கு விட்டுவைப்பது இழப்பன்று. மீண்டும் வருவதற்கு அது ஒரு காரணம்.

குழுவின் வலிமை, அதில் உள்ள வலியவரைக் கொண்டு அளக்கப்படுவதன்று. மெலியவர் எவ்வளவு தொலைவு இன்புற்று நடப்பாரோ, அதுவே அக்குழுவின் அளவு. குடிநீர், குடை, எளிய உணவு, வேண்டிய மருந்து ஆகியவற்றை எடுத்துச் செல்லும்போதும் அவரையே முதலில் எண்ணுதல் வேண்டும்.

இவ்வாறு திட்டமிட்டுச் செல்லும் குடும்பம், பள்ளிப்பட்டின் ஆற்றங்கரையில் நின்று வறண்ட மணற்பரப்பைப் பார்க்கும்போது, தம் வீட்டுக் குடத்து நீர் எங்கெங்கிருந்து வருகிறது என்பதை உணரும். பாட்டியும் அந்த மணலில் உடன் நிற்பாராயின், அப்பயணம் நன்கு திட்டமிடப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.