வடக்கே போன தர்மம் – 9: பைக்காலில் ஏது சங்கு?

பைக்கால் ஏரிக்கு அப்பால் இருந்த 150 லாமாக்களை ரஷ்யாவின் எலிசபெத் பேரரசி 1741-ல் அங்கீகரித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அங்குள்ள புரியாத்திய மக்களின் பௌத்த மடாலயங்களில் வழிபாட்டுக்கு ஊதுவது சங்கு. பைக்காலோ நன்னீர் ஏரி. அங்கே ஏது சங்கு?

பதிலைத் தேடிக் கீழக்கரைக்குத்தான் வரவேண்டும். லாமாக்கள் போற்றும் எட்டு மங்கலச் சின்னங்களில் வெண்சங்கும் ஒன்று. நம்மைப் போலவே அவர்களுக்கும் வலம்புரிதான் உசத்தி. அந்தக் கனத்த சங்கு விளைவது இந்திய, இலங்கைக் கடல்களில்; மன்னார் வளைகுடா அதற்குப் பேர்போனது. கீழக்கரை முஸ்லிம் குளியாட்கள் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி மூழ்கி எடுத்தார்கள். இந்தச் சங்குக்கென்றே ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ல் ஒரு நூல் வெளியிட்டார். எடுத்த சங்கில் பெரும்பகுதி வங்காளம் போய் டாக்காவில் வளையலானது. வளையலாக அறுபடாத சில, முழுச்சங்காகவே இமயம் ஏறின. எந்தச் சங்கு எந்தக் கடலில் எடுத்தது என்பதற்கு ரசீது கிடையாதுதான். ஆனால் திபெத்துக்கும் கடல் கிடையாதே!

திபெத்திலிருந்து மங்கோலியா வழியாகப் புரியாத்தியரிடம் வந்த இந்தப் பௌத்த மரபை ரஷ்யாவின் அன்றைய தலைநகருக்கே கொண்டுபோனவர் அக்வான் தோர்ஜியேவ். 13-ஆம் தலாய் லாமாவின் தூதர். கிறிஸ்தவத் திருச்சபையின் எதிர்ப்பை மீறி, 1909-ல் பீட்டர்ஸ்பர்க்கில் கோயில் கட்டத் தொடங்கினார். 1913-ல் முதல் வழிபாடு நடந்தது.

கட்டுமானக் குழுவில் இருந்த ரஷ்ய அறிஞர் ஷெர்பாத்ஸ்கி, பௌத்தத் தர்க்கவாதிகளான திங்நாகர், தர்மகீர்த்தி ஆகியோரின் தர்க்கத்தை ஆராய்ந்து இரண்டு தொகுதிகளாக எழுதியவர். திங்நாகர் காஞ்சிப் பக்கத்துக்காரர் என்பது மரபு. அவர் வழித் தர்க்கத்தை மணிமேகலையிலும் காணலாம். தெற்கிலிருந்து போன சரக்கில் சங்கைவிட இதுதான் பெரிது என்பேன். நாம்தான் இரண்டுக்கும் கணக்கு வைக்கவில்லை.

ஸ்டாலின் காலத்தில் கோயில் மூடப்பட்டது. தோர்ஜியேவ் 1937-ல் கைதாகி, மறு ஆண்டு காவலிலேயே இறந்தார். கோயில் பின்னாளில் வானொலி நிலையமானது, விலங்கியல் ஆய்வுக்கூடமுமானது. சங்கொலி ஏறக்குறைய அடங்கிய நாட்டில் சத்தமில்லாத தியானம் ரகசியமாகத் தொடர்ந்தது. புரியாத்தியத் தலைநகர் உலான் உதேயில் பிதியா தந்தாரோன் என்ற அறிஞர், ஐரோப்பியப் பகுதிகளிலிருந்து தேடி வந்த இளைஞர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். 1972-ல் அவரையும் பிடித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் சிறை முகாமில் உயிர்விட்டார்.

கோயில் 1990-ல் மீண்டும் பௌத்தர்கள் கைக்கு வந்துவிட்டது. இராமநாதபுரத்துப் பிள்ளைகள் யாராவது டாக்டருக்குப் படிக்க ரஷ்யா போனால், பீட்டர்ஸ்பர்க்கில் ஸ்தாராயா தெரேவ்னியா மெட்ரோவில் இறங்குங்கள். கோயில் நடக்கும் தூரம்தான். அங்கே சங்கு ஊதக் கேட்டால், நம் கடலைப் பற்றி அந்த லாமாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.