பதம் வந்த பிறகு பேசலாம்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸ் வேனிலிருந்து அம்மா இறங்கும்போதே புகார் காத்திருக்கும். "ஏத்தா, ஒம்மகன் இன்னிக்குச் செஞ்ச வேலை தெரியுமா?" விளையாட்டில் தோற்றதற்கு மண்ணை வாரி எறிந்திருப்பான். ஆச்சி செல்போனைப் பிடுங்கியதும் சுவரில் தலையை முட்டியிருப்பான். அவனுக்கு ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு) என்று டாக்டரே சொல்லியிருந்தாலும் தெரு சொல்லும் காரணம் ஒன்றுதான்: வளர்ப்பு சரியில்லை.

தெரு சொல்வது தவறு. ஓரிடத்தில் உட்காராததும் கவனம் சிதறுவதும் இந்தக் குறைபாட்டின் ஒரு பாதி. கட்டுக்கு அடங்காத கோபமும் சட்டென்று உடையும் அழுகையும் இன்னொரு பாதி என்று அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி நெடுங்காலமாக வாதிடுகிறார். 2007இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் வெளியிட்ட மூளை வளர்ச்சி ஆய்வில் ஒரு விஷயம் தெரிந்தது. மூளைப் புறணி மற்ற பிள்ளைகளுக்கு ஏழரை வயது வாக்கில் எட்டும் வளர்ச்சியை இந்தப் பிள்ளைகள் பத்தரை வயதில்தான் எட்டுகிறார்கள். யோசித்து நிதானிக்கும் முன்பகுதியில்தான் தாமதம் அதிகம். மூன்றாவது படிக்கும் பையனிடம் அந்த வயதுக்குரிய பொறுமையை எதிர்பார்த்து அடித்தால், அவனிடம் இன்னும் வளராத ஒன்றைக் கேட்டு அடிக்கிறோம். அபூர்வமான சங்கதியும் இல்லை இது. கோவைப் பகுதிப் பள்ளிகளில் 770 பிள்ளைகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில் 100க்கு 11 பேருக்கு இருந்தது. உலக அளவில் சொல்லப்படும் கணக்கு 5 சொச்சம்.

சரி, கத்திக்கொண்டிருப்பவனை என்ன செய்வது? அந்த நேரத்தில் அநேகமாக ஒன்றும் செய்யக் கூடாது. மழை விட்ட கையோடு கரிசலில் யாரும் ஏர் பூட்டுவதில்லை. கால் வைத்தால் அப்பிக்கொள்ளும், பதம் வரட்டும் என்று விடுவார்கள். கோபம் உச்சத்தில் இருக்கும் பிள்ளையின் காதில் புத்திமதி ஏறாது. அடிபடாமல் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஒரே ஒரு வாக்கியம் போதும்: "நான் இங்கதான் இருக்கேன், தண்ணி குடி." பெரியவர்கள் குரலை உயர்த்தாமல் இருப்பதுதான் இதில் கஷ்டம். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவளிடம் இதைச் சொல்வது எனக்கே கொஞ்சம் கூச்சம்தான்.

வேலையெல்லாம் அந்தக் கோபத்துக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது. செல்போனைத் திடீரென்று பிடுங்காமல், "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று முன்கூட்டிச் சொல்லி, அலாரமும் வைக்கலாம். கோபம் ஏறும்போது காது சூடாகிறதா, கை இறுகுகிறதா என்று அவனே கவனிக்கப் பழக்கலாம். அப்போது எழுந்து போக வேப்பமரத்தடியோ திண்ணையோ ஓர் இடம் வேண்டும். அது தண்டனைக்கான மூலை ஆகிவிடக் கூடாது. ஆறின பிறகு, "கடுப்பா இருந்துச்சா, இல்ல தோத்தது வெக்கமா இருந்துச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். தனக்குள் நடப்பதற்குப் பெயர் சொல்லத் தெரிந்தவன் மெல்ல மெல்லக் கையை ஓங்குவதைக் குறைக்கிறான். ஒரு தடவை அடக்கிக்கொண்டான் என்றால் பாராட்டு அந்த நிமிடமே வர வேண்டும். முழுப்பரீட்சைக்குப் பிறகு சைக்கிள் என்பதெல்லாம் இவனுக்கு எட்டாத தூரம்.

ஆச்சியையும் இதில் சேர்த்துக்கொள்ளாமல் காரியம் ஆகாது. பகலெல்லாம் பிள்ளை அவர் பொறுப்பு. அம்மா கூடாது என்ற பிறகு ஆச்சி கடலைமிட்டாய் வாங்கப் பத்து ரூபாய் கொடுத்துச் சமாதானம் செய்தால், அழுதால் கிடைக்கும் என்ற பாடம்தான் மிஞ்சும். அதற்காகக் கடலைமிட்டாயைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ப் பண்டம் அது. சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதில்லை என்று 1995லேயே, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஜாமா மருத்துவ இதழ் எழுதிவிட்டது.

தாயத்துக் கட்டுவதும் வேப்பிலை அடிப்பதும் அவரவர் நம்பிக்கை. ஆனால் டாக்டரிடம் போவது அதனால் தள்ளிப்போகக் கூடாது. ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோருக்கான பயிற்சியே முதல் சிகிச்சை. அந்த வயதுக்கு மேல் தேவைப்பட்டால் மருந்தும் சேரும், மனநல அல்லது குழந்தைநல மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை வரும் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் (தேசியச் சிறார் நலத் திட்டம்) மருத்துவக் குழு பார்க்க வேண்டிய பட்டியலில் ஏ.டி.ஹெச்.டி.யும் இருக்கிறது. அந்தக் குழு வரும் நாளில் வகுப்பாசிரியர் பையனின் பெயரைச் சொன்னால் போதும். வீட்டிலிருந்தே பேச டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலவசம்.

அரசு ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு, ஏ.டி.ஹெச்.டி. தனியாக இல்லை. பெரும்பாலும் சான்றிதழ் இல்லை, சலுகை இல்லை. ஆசிரியரின் மனசுதான் கதி. அவரிடம் கேட்க வேண்டியவை சின்ன விஷயங்கள்தான்: முன் பெஞ்சில் இடம், ஒரு தடவைக்கு ஒரு வேலை, நடுவில் எழுந்து நோட்டு விநியோகிக்க அனுமதி, மற்றவர்கள் முன்னால் வையாமல் இருப்பது. ஹாக்கிக்குப் பேர்போன ஊரில், சாயங்காலம் அவனை மட்டையோடு மைதானத்துக்கு அனுப்பச் சொல்லியும் கேட்கலாம். சேட்டை செய்தான் என்று முதலில் நிறுத்தப்படுவது அவனுடைய விளையாட்டு பீரியடாகத்தான் இருக்கிறது.