ஒளியும் உறக்கமும்

பகலெல்லாம் உழைத்துக் களைத்தும் இரவில் கண்மூட இயலாமல் கூரையை நோக்கிக் கிடப்பவருக்கே ஓர் இரவின் நீளம் எவ்வளவு என்பது தெரியும். அத்தகையோர் மாத்திரையை நாடுவது இயல்பு. எனினும் மாத்திரையின்றி, ஒளியையே மருந்தாகக் கொள்ளும் முறை ஒன்றும் மருத்துவ உலகில் வழக்கில் உள்ளது. இருளில் வரவேண்டிய உறக்கத்தை ஒளி எவ்வாறு வரவழைக்கும்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

பகலில் இலை விரித்து இரவில் மூடும் செடி ஒன்றைப் பிரான்சு நாட்டு அறிஞர் தெ மெய்ரான் இருட்டறையில் வைத்து நோக்கினார். கதிரவனைக் காணாத நிலையிலும் அச்செடி காலம் தவறாது இலைகளை விரித்தும் மூடியும் வந்தது. இச்செய்தி 1729-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உயிர்களுக்குள்ளேயே காலக் கணக்கு ஒன்று உண்டு என்பதற்கு இதுவே முதற்சான்று. அக்கடிகாரம் மரபணு நிலையில் இயங்கும் முறையைப் பழ ஈக்களில் ஆய்ந்து கண்ட ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவர்க்கும் 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

மனிதருக்கு இக்கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே அமைந்துள்ளது. அதன் ஒரு சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம் என 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. நாள்தோறும் சில நிமிடம் பின்தங்கும் கடிகாரத்தை நாள்தோறும் திருத்தி வைத்தல் வேண்டும் அன்றோ? அத்திருத்தத்தைச் செய்வது ஒளியே. காட்சிக்குரிய அணுக்களேயன்றி, ஒளியின் அளவை உணர்ந்து இக்கடிகாரத்திற்கு அறிவிக்கும் தனி அணுக்களும் விழித்திரையில் இருப்பது 2002-இல் உறுதிப்பட்டது.

இரவு வந்ததை உடலுக்கு உணர்த்தும் சுரப்புநீர் மெலடோனின். 1958-இல் ஆரன் லெர்னர் இதனைப் பிரித்தெடுத்தார். 2,500 லக்ஸ் அளவுள்ள பேரொளி இரவில் இச்சுரப்பை அடக்கிவிடுகிறது என்பதை ஆல்பிரட் லூயி குழுவினர் 1980-இல் மெய்ப்பித்தனர். ஒளிச் சிகிச்சைக்கு அடித்தளம் இட்டது இக்கண்டுபிடிப்பே.

காலமே மருந்து

ஒளியின் பயன் அதன் அளவை மட்டும் பொறுத்ததன்று. அது கண்ணில் படும் நேரத்தையும் பொறுத்தது. காலை ஒளி உடற்கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும். மாலையிலும் முன்னிரவிலும் படும் ஒளி அதனைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே நள்ளிரவு கடந்து இரண்டு மணி வரை உறக்கம் வராதவர்க்குக் காலை ஒளி ஏற்றது. மாலை ஏழு மணிக்கே கண் சொக்கிப் பின்னிரவு மூன்று மணிக்கு விழித்துக்கொள்ளும் முதியவர்க்கு மாலை ஒளி ஏற்றது. நேரம் மாறினால் நோய் மிகும்.

எடுத்துக்காட்டாக, வைகறை மூன்று மணிக்கு உறங்கி முற்பகல் பதினொரு மணிக்கு எழும் ஒருவர், விரைவில் குணமாக விரும்பி ஐந்து மணிக்கே எழுந்து விளக்கின் முன் அமர்கிறார் எனக் கொள்வோம். அவர்தம் உடற்கடிகாரத்திற்கு அப்பொழுது இரவு பாதிகூடக் கழியவில்லை. எனவே அவ்வொளி கடிகாரத்தை மேலும் பின்னுக்கே தள்ளும். தாமாக விழிக்கும் நேரத்தில் தொடங்கி, நாளுக்குச் சிறிது சிறிதாக முன்னே கொண்டுவருதலே முறை.

அளவும் எச்சரிக்கையும்

வீட்டு விளக்கொளி பெரும்பாலும் சில நூறு லக்ஸைத் தாண்டுவதில்லை. சிகிச்சைக்குரிய விளக்கோ 10,000 லக்ஸ் தரும். அதன்முன் ஓரிரண்டு அடித் தொலைவில், நேரே உற்றுநோக்காது, அரைமணி நேரம் படித்துக்கொண்டோ உண்டுகொண்டோ அமர்ந்திருப்பது வழக்கம். தெளிந்த வானத்தின்கீழ்க் காலையில் கிடைக்கும் ஒளி இதற்குக் குறைந்ததன்று. ஆதலால் விளக்கு வாங்க இயலாதவர் காலையில் திறந்தவெளியில் உலவிவரலாம். கதிரவனை நேரே நோக்குதல் மட்டும் கூடாது. காலை ஒளி பெறுவோர் இரவில் விளக்குகளையும் கைப்பேசித் திரையையும் குறைத்துக்கொள்ளாவிடில், ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பறித்தது போலாகும்.

சிலர்க்குத் தலைவலியும் கண்கூச்சமும் தோன்றலாம். விழித்திரை நோய் உடையோரும், ஒளியால் தோல் பாதிப்புறச் செய்யும் மருந்துகளை உண்போரும், மனவெழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் நோயுடையோரும் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்குதல் கூடாது.

எல்லாத் தூக்கமின்மைக்கும் ஒளி மருந்தாகாது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். கடிகாரம் பிறழ்ந்தவர்க்கே அது பெரிதும் உதவும். கவலையாலும் பழக்கத்தாலும் நாட்பட்ட தூக்கமின்மைக்கு, எண்ணத்தையும் நடத்தையையும் சீர்செய்யும் உளவியல் முறையையே முதற்சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. குறட்டையுடன் மூச்சுத் திணறி விழிப்போர்க்குத் தேவைப்படும் மருத்துவம் வேறு.

ஆகவே, உறக்கம் வராதவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா, 'எந்த மாத்திரை?' என்பதன்று, 'என் உறக்கம் குறைந்துள்ளதா, நேரம் மாறியுள்ளதா?' என்பதேயாகும். நேரம் மாறியவர்க்கு விடியற்பொழுது நாள்தோறும் மருந்துடன் வந்து வாயிலில் நிற்கிறது. கதவைத் திறப்பதே நம் கடன்.