பால் பத்தலையா? புட்டி வாங்கும் முன் படியுங்கள்



பிள்ளை பிறந்து நாலு நாள் ஆகவில்லை, அதற்குள் "பால் பத்தலை, பவுடர் பால் கொடுக்கலாம்" என்ற பேச்சு வீட்டில் கிளம்பிவிடுகிறது. புட்டி வந்தால் குழந்தை மார்பில் சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் பாலும் குறையும். தாய்ப்பால் ஊற்றுக் கிணறு மாதிரி. இறைக்க இறைக்கத்தான் ஊறும்.

தடவிவிட்டால் மட்டும் புதிதாகப் பால் உண்டாகாது. ஆனால் உண்டான பால் இறங்க அது உதவும். உடம்பின் இறுக்கம் குறைந்தால் ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு நன்றாக வேலை செய்து பாலை இறக்கிவிடும்.

இதில் கணவருக்கும் வேலை உண்டு. மனைவி மேஜையில் கைகளை மடக்கி வைத்து, அதன்மேல் தலை சாய்த்து முன்பக்கம் குனிந்து உட்காரட்டும். மேஜை இல்லையா, தையல் மிஷின் பலகை போதும். நீங்கள் கையை மூடி, கட்டைவிரலால் முதுகெலும்பின் இரு பக்கமும் கழுத்திலிருந்து தோள்பட்டை எலும்பு வரை சின்னச் சின்ன வட்டமாக அழுத்திக்கொண்டே இறங்குங்கள். 2, 3 நிமிஷம் செய்தால் போதும். "இது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்காதீர்கள்.

பிறகு தாய் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மார்பை மெதுவாக நீவிவிடலாம். பாலைப் பீய்ச்ச, கருவளையத்தின் மேலே கட்டைவிரல், கீழே மற்ற விரல்கள். முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அழுத்தி விடுங்கள். காம்பை மட்டும் பிடித்து இழுக்கக் கூடாது. கொதிநீரில் போட்டெடுத்த எவர்சில்வர் கிண்ணத்தில் பிடித்து மூடி, 4 மணி நேரத்துக்குள் பாலாடையில் கொடுங்கள்.

பனியன் கம்பெனிக்குத் திரும்பும் அம்மணிகளுக்கு இந்தப் பழக்கம் கைகொடுக்கும். சட்டப்படி முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

பால் கட்டிக்கொண்டால் பாட்டிமார் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பார்கள். அது வேண்டாம், உள்ளே வீக்கம் அதிகமாகும். குளிர்ந்த ஈரத்துணி போடுங்கள், பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

பால் நிஜமாகவே பத்தலையா? முதல் வாரம் கழிந்த குழந்தை நாளுக்கு 6 தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது. எடையை அங்கன்வாடியில் பார்க்கலாம். குறைந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். குழந்தையை மார்பில் எப்படிப் பிடிப்பது என்று பக்கத்தில் இருந்து காட்டித் தருவார்.